டைல்ஸ் மேல் பழி போடும் முன் வீட்டுக் காற்றை அளந்து பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. என்னிடம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பெல் அடித்த பிறகும் ஐந்து நிமிடம் நடத்துகிற டீச்சர் என்று பெயர் வாங்கியவள் நான்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஜங்ஷன் ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். முகமே சரியில்லை. "டீச்சர், ஒரு வீட்டு ஆர்டர் முழுசா கேன்சல் ஆயிடுச்சு. இதைப் பாருங்க" என்று போனை நீட்டினார். வாட்ஸப் வீடியோ. டைல்ஸ், கிரானைட், பீங்கான் எல்லாவற்றிலிருந்தும் கதிர்வீச்சு வாயு வருகிறதாம். அதைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோயாம். கடைசியில் அதைத் தடுக்கச் சுவரில் ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்று, விலையும் போன் நம்பரும். வாங்க வந்தவர் சென்னைக்காரர். போகிற போக்கில், "உங்க ஊரே செராமிக் ஊராச்சே, அங்க எல்லாருக்கும் கேன்சரா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மாணவருக்கு ஆர்டர் போனதைவிட அந்தக் கேள்விதான் சுட்டிருக்கிறது.

"இது பொய்னு ஒரு வரி எழுதிப் போடுங்க டீச்சர். நீங்க எழுதினா நாலு பேர் நம்புவாங்க" என்றார். ஒரு வரியில் எழுத முடியாது தம்பி என்றேன். ஏனென்றால் அந்த வீடியோவில் ஒரு விஷயம் உண்மை. ரேடான் என்று ஒரு வாயு இருக்கிறது. அது வீட்டுக்குள் வருகிறது. அதனால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது. மற்றதெல்லாம் தலைகீழ்.

ரேடான் என்ற பெயரைப் பாடப்புத்தகத்தில் மந்த வாயுக்களின் வரிசையில் கடைசியாகப் பார்த்திருப்போம். ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் என்று பிள்ளைகளை ஒப்பிக்க வைத்ததோடு சரி. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தியவள், இயற்பியல் அறிஞர் அல்ல. இந்த வாயு எங்கள் வீட்டுப் பேச்சில் வந்தது என் மகனால். நியூ ஜெர்சியில் நான்கு வருடத்துக்கு முன் வீடு வாங்கினான். பத்திரம் முடிவதற்கு முன் வீட்டைப் பல விதமாகச் சோதிக்கிறார்கள் அங்கே. கரையான் உண்டா, கூரை ஒழுகுமா என்பது போல "ரேடான் டெஸ்ட்" என்றும் ஒன்று. பேஸ்மென்ட் அறையில் ஒரு சின்ன டப்பாவை வைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கதவு ஜன்னல் திறக்கக் கூடாது என்றிருக்கிறார்கள். முடிவு 7.2 என்று வந்தது. 4-க்கு மேல் வந்தால் சரி செய்ய வேண்டும் என்பது அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் துறை சொல்லும் அளவு. விற்பவர் செலவிலேயே தரையில் ஒரு துளை போட்டு, குழாய் இறக்கி, விசிறி வைத்து, கூரைக்கு மேலே புகைபோக்கி மாதிரி விட்டுக் கொடுத்தார்கள். மறுபடி அளந்தபோது 0.9. அங்கே இது ஒரு பெரிய விஷயமே இல்லை, தண்ணீர்த் தொட்டி கழுவுவது மாதிரி. அந்த வேலையைச் செய்கிறவர்கள் அந்த மாநில அரசிடம் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மகன் போனில் இதையெல்லாம் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "நம்ம வீட்ல எவ்வளவுடா இருக்கும்?" அவன் சிரித்தான். "யாருக்குத் தெரியும்மா, அங்க யார் அளந்தா?"

அந்தப் பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

முதலில் இது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பூமியில் எந்த மண்ணை எடுத்தாலும், எந்தப் பாறையை எடுத்தாலும் துளித்துளியாக யுரேனியம் இருக்கும். அது தானாக உடைந்து உடைந்து வேறு வேறு தனிமங்களாக மாறும். அந்த வரிசையில் ரேடியம் வரும். ரேடியம் உடைந்தால் ரேடான். வரிசையில் மற்ற எல்லாம் திடப்பொருள், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். ரேடான் மட்டும் வாயு. அதனால் மண்ணின் இடுக்குகள் வழியாக நழுவி மேலே வரும். நிறமில்லை, மணமில்லை. அதன் அரை ஆயுள் 3.8 நாள். வெட்டவெளியில் வந்தால் காற்றோடு கலந்து ஒன்றுமில்லாமல் போகும். தரை விரிசல் வழியாக மூடிய அறைக்குள் வந்தால் தங்கும். அங்கே உடைந்து பொலோனியம் போன்றவையாக மாறி, தூசியில் ஒட்டிக்கொண்டு, மூச்சோடு நுரையீரலில் படிந்து, அங்கே ஆல்ஃபா துகளை வீசும். ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும் என்று நாம் நடத்துவோமே, அதேதான். ஆனால் நுரையீரல் சுவரின் மேல் தாள் எதுவும் ஒட்டியில்லை.

ஜெர்மனியில் ஷ்னீபெர்க் என்ற ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்கள் நெஞ்சு நோய் வந்து சாவது 16-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மலை நோய் என்றார்கள். அது நுரையீரல் புற்றுநோய் என்று 1879-இல் இரண்டு மருத்துவர்கள் கண்டுசொன்னார்கள். ரேடானை டோர்ன் என்பவர் கண்டறிந்ததே 1900-இல்தான். பேர் வைப்பதற்கு முன்பே ஆளைக் கொன்ற வாயு இது.

ஆனால் சுரங்கத்தில் இருப்பது வீட்டுக்குள்ளும் இருக்கும் என்று உலகம் பயந்தது 1984 டிசம்பரில். அந்தக் கதையை வகுப்பில் சொல்லக் கிடைக்கவில்லையே என்று எனக்கு இப்போதும் குறை உண்டு. பென்சில்வேனியாவில் லிமெரிக் என்ற அணுமின் நிலையம், மின் உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. தொழிலாளர்கள் மேல் கதிரியக்கத் தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வாசலில் ஒரு கருவி. ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் அதைத் தாண்டினால் மட்டும் மணி அடிக்கிறது. நிலையத்தில் எங்கே தேடியும் காரணம் கிடைக்கவில்லை. ஒருநாள் காலையில் வந்தவுடனே, வேலைக்குப் போகாமலே, கருவியின் முன் போய் நின்றார். அப்போதும் மணி அடித்தது. அதாவது நிலையத்திலிருந்து வீட்டுக்கு அவர் எதையும் கொண்டுபோகவில்லை. வீட்டிலிருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். வீட்டை அளந்தார்கள். நான் மேலே சொன்ன 4 என்ற அளவுக்கு அங்கே 2,700 இருந்தது. குடும்பத்தோடு உடனே வெளியேறச் சொன்னார்கள். பிறகு வீட்டைச் சரி செய்து திரும்பக் குடிபோனார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பக்கத்து வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரே தெரு, ஒரே மண் என்று நினைப்போம். தரைக்குக் கீழே பாறை எப்படி வெடித்திருக்கிறது, அஸ்திவாரம் எங்கே விட்டிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதனால் இதில் அனுமானம் செல்லாது.

அளவு பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காக்காரர்கள் பிகோகியூரி என்பார்கள், மற்ற நாடுகளில் பெக்கரல். ஒரு நொடிக்கு ஓர் அணு உடைந்தால் 1 பெக்கரல். அவர்களுடைய 4 என்பது ஒரு கனமீட்டருக்கு 148 பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் 100-க்குள் இருக்கட்டும், முடியாத நாடுகளில் 300-ஐத் தாண்டவே கூடாது என்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கனமீட்டர். 100 பெக்கரல் அளவில் அந்த அறைக்குள் ஒவ்வொரு நொடியும் 3,400 அணுக்கள் உடைகின்றன. கேட்கப் பயமாக இருக்கும். வெளியில் வாசலில் நின்றாலும் 10 பெக்கரல் போல இருக்கத்தான் செய்யும், உலக வீடுகளின் சராசரி 40. ஆகவே எண்ணைக் கேட்டதும் மயங்கி விழ வேண்டாம், எந்த எண் என்று கேளுங்கள்.

ஆபத்து எவ்வளவு? ஐரோப்பாவில் 9 நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2005-இல் வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்த 7,148 பேர், வராத 14,208 பேர், அவர்கள் வாழ்ந்த வீடுகளின் ரேடான் அளவு. முடிவை எளிமையாகச் சொல்கிறேன். புகைபிடிக்காதவர்கள் 1000 பேரை எடுத்தால், ரேடானே இல்லாத வீட்டில் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் சாகிறவர்கள் 4 பேர். 100 பெக்கரல் வீட்டில் 5 பேர். 400 பெக்கரல் வீட்டில் 7 பேர். இப்போது புகைபிடிக்கிறவர்கள் 1000 பேர்: 100, 120, 160. இந்தக் கணக்கை வீட்டில் பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் இரண்டு தடவை படியுங்கள். ரேடானுக்குப் பயந்து டைல்ஸை மாற்றுகிற மனிதர், புதுத் தரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தால் நான் என்ன சொல்வது?

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர். சந்தன வாசனை ஊதுபத்திகூடப் பிடிக்காது என்பார். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் நுரையீரல் புற்றுநோய். போய்ப் பார்க்கிற எல்லோரும் கேட்ட கேள்வி, "வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?" அவருக்கு அதுவே பெரிய வேதனை. "நான் என்ன தப்பு பண்ணேன்னு கேக்கற மாதிரியே இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவருக்கு ரேடானால் வந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. விறகடுப்பா, சாலைப் புகையா, பரம்பரையா, தெரியாது. ஆனால் உலக அளவில் புகைக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் ரேடான்தான் என்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் வருடம் 21,000 சாவு இதனால் என்று அந்நாட்டு அரசே கணக்கு வைத்திருக்கிறது. இங்கே அவர் வீட்டை அளக்க வேண்டும் என்று யாருக்கும், எனக்கும்தான், தோன்றவில்லை.

சரி, டைல்ஸ் கதைக்கு வருவோம்.

முதலில் ஊர்ப் பெயரைக் காப்பாற்றுகிறேன். வீட்டுத் தரைக்குப் போடும் டைல்ஸில் பெரும்பங்கு குஜராத்தில் மோர்பியிலிருந்து வருகிறது. நம் தொழிற்பேட்டையில் செய்வது அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் மாதிரிச் சாமான்கள். ஆனால் எந்த ஊரில் செய்தாலும் களிமண் களிமண்தான். அதிலும் சிறிதளவு யுரேனியம், தோரியம் இருக்கும். வெள்ளை கிளேசுக்குப் போடும் ஜிர்க்கான் தூளில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அந்த அளவில் வீடியோக்காரர் சொன்னது சரி. அவர் சொல்லாதது, அல்லது அவருக்குத் தெரியாதது, சூளையில் என்ன நடக்கிறது என்பது. 1,000 டிகிரிக்கு மேல் வெந்த பிறகு கிளேஸ் என்பது கண்ணாடி. உள்ளே ரேடான் உண்டானாலும் வெளியே வர வழியில்லை, அங்கேயே உடைந்து முடிந்துபோகும். மண்ணில் இருக்கும் இடுக்கு வெந்த கண்ணாடியில் இல்லை. நம் பக்கத்து நெய்வேலி மாதிரி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் கற்களைப் பற்றியும் இதே கேள்வி கேட்கிறார்கள். நிலக்கரி எரிந்த பிறகு அதிலிருந்த யுரேனியம் சாம்பலில் தங்குவது உண்மை. ஆனால் சாம்பல் துகளும் உருகிக் கண்ணாடிபோல் இறுகியதுதான், ரேடானை எளிதில் விடாது. சொல்லப்போனால் விரிசல் இல்லாமல் நன்றாகப் பதித்து, ஓரம் அடைத்த டைல்ஸ் தரை, கீழே மண்ணிலிருந்து வரும் வாயுவுக்கு ஒரு தடுப்பு. திருடன் என்று நாம் பிடித்து வைத்திருப்பது வாட்ச்மேனை.

ஜிர்க்கான் என்றதும் மணவாளக்குறிச்சி ஞாபகம் வருகிறது. கன்னியாகுமரிக்குப் பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகள் எல்லோரும் பாக்கெட்டில் கலர் மண் வாங்கி வந்திருப்பீர்கள். அந்தக் கடற்கரையின் மண்ணில் இல்மனைட், ஜிர்க்கான், கார்னெட் எல்லாம் உண்டு. மோனசைட்டும் உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து தோரியம் எடுத்தார்கள். எதற்கு? கேஸ் விளக்கு மேண்டிலுக்கு. கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் தூக்கி வந்தார்களே, அந்த மேண்டிலின் வெளிச்சம் தோரிய ஆக்சைடின் வெளிச்சம். இப்போது அங்கே மத்திய அரசின் அரிய மணல் நிறுவனம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இயற்கைக் கதிர்வீச்சு அதிகமான இடம் எது என்றால் அந்தக் கரைதான். அங்கே வருவது ரேடானின் தம்பி, தோரான். அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு, 55 நொடி சொச்சம். அதனால் சுவருக்குள் ஆழத்தில் பிறந்த தோரான் வெளியே வருவதற்குள் செத்துவிடும். பூசாத மண் சுவர், மண் தரை, இவற்றின் மேற்பரப்பிலிருந்து வருவதுதான் கணக்கு. ஒரு பூச்சு, ஒரு கோட்டிங் பெயின்ட், பாதி வேலை முடிந்தது. பக்கத்தில் கேரளத்தில் கருநாகப்பள்ளியிலும் இதே மணல். அங்கே சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். மணலிலிருந்து வரும் காமா கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்பதே முடிவு. நான் இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு மாவட்ட மக்களைப் பற்றி "அங்க எல்லாருக்கும் கேன்சர்" என்று பேசும் முன், அங்கே வீடு வீடாக அளந்து வைத்திருக்கிறார்கள். அளந்ததால்தான் பேச முடிகிறது. நம்மிடம் என்ன இருக்கிறது? வாட்ஸப் வீடியோ.

நம் ஊர் நிலத்தைப் பார்த்தால், பெயரே பழமலை, முதுகுன்றம். திருவண்ணாமலைக்கும் முந்திய மலை, பூமிக்குள் அழுந்திக் கிடக்கிறது என்று தலபுராணக்காரர்கள் சொல்வார்கள். நிலவியல்காரர்களும் கிட்டத்தட்ட அதையே வேறு மாதிரிச் சொல்கிறார்கள். மேற்கே போகப் போகப் பழைய கடினப் பாறை, கிழக்கே கடலூர் மணற்கல். நம் ஊரை ஒட்டி, அரியலூர் மாதிரியே, ஒரு காலத்தில் கடலாக இருந்த கிரிட்டேசியஸ் படிவு. கிரானைட் வகைப் பாறையில் யுரேனியம் பொதுவாகக் கொஞ்சம் அதிகம், படிவுப் பாறையில் குறைவு, பாஸ்பேட் கலந்த படிவு விதிவிலக்கு. இதை வைத்து நம் தெருவில் எவ்வளவு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. வாட்ராஸ் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் வித்தியாசம் இருந்ததே.

நாம் இத்தனை நாள் தப்பித்தோம் என்றால் அதற்குக் காரணம் நம் அறிவு அல்ல, நம் வெயில். குளிர் நாட்டில் வீட்டைச் சூடாக்குகிறார்கள். சூடான காற்று மேலே ஏற, கீழே தரை வழியாக மண்ணின் காற்றை வீடே உறிஞ்சுகிறது. கூடவே பேஸ்மென்ட், எட்டு மாதம் மூடிய ஜன்னல். நமக்கு முற்றம், திண்ணை, ஓடு, வாசலிலிருந்து கொல்லை வரை நேர்க்கோட்டில் கதவு. வாயு வந்தாலும் உட்கார இடமில்லை. நம் நாட்டில் இதுவரை அளந்த பெரும்பாலான வீடுகளில் 100-க்குக் கீழேதான் வந்திருக்கிறது என்பதற்கு இது முக்கியக் காரணம்.

அந்த வீடுகள் இப்போது எங்கே? 2011 தானே புயலுக்குப் பிறகு நம் மாவட்டத்தில் கூரையும் ஓடும் போய்க் காங்கிரீட் வந்தது. நல்லதுதான், உயிருக்குப் பாதுகாப்பு. ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்தோம்? சாயங்காலம் ஐந்தரைக்குக் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினோம். ஏசி வாங்கினோம். குளிர் போகிறது என்று கூரையை ஒட்டி இருந்த வென்டிலேட்டரைக் கண்ணாடி போட்டு, இன்னும் சிலர் செங்கல்லே வைத்து, அடைத்தோம். ஏசி ஓடினால் புதுக்காற்று வருகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கிற காற்றையேதான் இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. வெளியில் தொங்கும் பெட்டி வெப்பத்தை வெளியேற்றத்தான், காற்றைக் கொண்டுவர அல்ல. கீழ்த்தளத்தில் மூடிய ஏசி அறையில் எட்டு மணி நேரம் தூங்குகிறவர், காற்று விஷயத்தில், நியூ ஜெர்சிக்காரர் மாதிரிதான். அவரிடம் இருக்கும் டெஸ்ட் டப்பா மட்டும் நம்மிடம் இல்லை.

டைல்ஸ் கடை மாணவரிடம் கேட்டேன், "உன் அம்மா எந்த ரூம்ல படுக்கிறாங்க?" கீழே, பின்பக்க அறை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் நிரந்தரமாகச் சாத்தியே கிடக்கிறது. வென்டிலேட்டர் அடைத்தாகிவிட்டது. முழங்கால் வலிக்காரர், நாளில் இருபது மணி நேரம் அங்கேதான். "அம்மா பாவம் குளுகுளுன்னு இருக்கட்டும்னு ஏசி போட்டேன் டீச்சர்" என்றார். பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அறையை நினைத்துத்தான் எனக்குக் கவலை, அவர் கடையில் அடுக்கியிருக்கும் டைல்ஸை நினைத்து அல்ல.

டைல்ஸிலும் பீங்கானிலும் ஆபத்தே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அதன் மேல் படுக்கிறவர்களுக்கு அல்ல, அதைச் செய்கிறவர்களுக்கும் அறுக்கிறவர்களுக்கும். வேகாத தூளில் இருக்கும் சிலிக்கா. பவுடர் கலக்கிற இடம், காய்ந்த சாமானைத் தேய்க்கிற இடம், உலர்ந்த தரையைப் பெருக்குகிற இடம், வீடு கட்டும்போது தண்ணீர் விடாமல் கட்டரில் டைல்ஸ் அறுக்கிற இடம். ரேடானை 1988-இல் புற்றுநோய்க் காரணி என்று உறுதி செய்த அதே சர்வதேச அமைப்பு, சிலிக்கா தூசியை 1997-இல் அதே முதல் பட்டியலில் சேர்த்தது. சிலிகோசிஸ் வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. எத்தனை பேருக்கு அது டிபி என்றே மருந்து கொடுக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. என் மாணவர்களின் அப்பா அம்மாக்கள் செய்த வேலை அது. ஸ்டிக்கர் விற்கிறவர் அவர்களைப் பற்றி வீடியோ போடவில்லை. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இவ்வளவு போதும்.

எப்படி அளப்பது? இரண்டு விதம். கரித்தூள் டப்பாவை இரண்டு மூன்று நாள் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது அவசர அளவு. ஒரு வகை பிளாஸ்டிக் படலத்தை மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் தொங்கவிடுவது நிதான அளவு. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஆல்ஃபா துகள் படலத்தில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறகு படலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக ஊறவைத்தால் கீறல் துளையாகப் பெரிதாகும். மைக்ரோஸ்கோப்பில் வைத்துத் துளையை எண்ண வேண்டும். இதில் வெளிநாட்டு மாயம் ஒன்றுமில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையம் ரேடானையும் தோரானையும் தனித்தனியாக அளக்கும் குப்பியே செய்திருக்கிறது. இந்தியாவில் பல பல்கலைக்கழக இயற்பியல் துறைகள் இந்தப் படலத்தை வைத்துத்தான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்குகின்றன. பட்டம் வாங்கிய பிறகு அந்த எண்கள் ஆங்கிலப் பத்திரிகையில் தூங்குகின்றன. அளக்கப்பட்ட வீட்டுக்காரருக்கு அவர் வீட்டு எண் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று கேட்க ஆசை.

என் கருத்து இதுதான். தண்ணீரைச் சோதிக்க மாவட்டந்தோறும் ஆய்வகம் இருக்கிறது, யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. காற்றுக்கும் அப்படி வேண்டும். மாவட்டத்துக்கு நூறு வீடு, கீழ்த்தளத்தில் தூங்கும் அறை, மழைக்காலம் ஒன்று கோடைக்காலம் ஒன்று. நம் ஊரில் அரசுக் கல்லூரி இருக்கிறது, செராமிக் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் நிறுவனம் இருக்கிறது, மைக்ரோஸ்கோப் இருக்கிறது, துளை எண்ணுவதற்குக் கண் நல்லாயிருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரிய செலவில்லை. எண் குறைவாக வந்தால் டைல்ஸ் வியாபாரியும் பீங்கான் பட்டறைக்காரரும் அந்தத் தாளை ஃப்ரேம் போட்டுக் கடையில் மாட்டலாம். அதிகமாக வந்தால், சரி செய்ய முடியாத நோய் அல்ல இது. தரை விரிசலையும் குழாய் நுழையும் ஓட்டையையும் அடைத்து, காற்று போக வழி விட்டாலே பல வீடுகளில் அளவு இறங்கும். அதற்கும் அடங்காவிட்டால் என் மகன் வீட்டில் போட்ட மாதிரிக் குழாயும் விசிறியும். நம் ஊர் பிளம்பர் ஒரு நாளில் முடிப்பார்.

அதுவரை என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். காலையில் எழுந்ததும் ஏசி அறையின் ஜன்னலையும் எதிர்க் கதவையும் அரை மணி நேரம் சேர்த்துத் திறங்கள், ஒன்றை மட்டும் திறந்தால் காற்று ஓடாது. கொசுதான் பிரச்சினை என்றால் ஜன்னலுக்கு வலை அடிக்கும் செலவு ஒரு மாதக் கரண்ட் பில்லில் பாதி. வென்டிலேட்டரை அடைக்காதீர்கள், அடைத்திருந்தால் உடைத்து வலை போடுங்கள். ரேடான் காற்றைவிட ஏழெட்டு மடங்கு கனம், அதனால் கட்டிலில் படுத்தால் போதும் என்று ஒருவர் சொன்னாராம். அறைக்குள் அது எல்லா இடமும் கலந்துதான் இருக்கும், கட்டில் காப்பாற்றாது. ஸ்டிக்கரும் காப்பாற்றாது. ஒரு வாயுவை ஒட்டுத்தாள் எப்படித் தடுக்கும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டுவிடும்.

என் பழைய மாணவி ஒருத்தி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு செய்கிறாள். கேட்டேன். "டீச்சர், உங்களுக்கு நாலு குப்பி தரேன், ஆனா மூணு மாசம் தொடவே கூடாது, தூசி தட்டறேன்னு எடுத்துடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். இப்போது அவள் டீச்சர், நான் பிள்ளை. ஐப்பசி அடைமழையில் எல்லோரும் கதவைச் சாத்தி வைக்கிற சமயம், அளக்கச் சரியான காலமும் அதுதான் என்றாள். ஒன்று என் படுக்கையறையில். ஒன்று என் தோழி டீச்சர் இருந்த வீட்டில், அவர் மகன் சம்மதித்தார், சொல்லும்போது இருவருக்கும் குரல் கம்மியது. ஒன்று தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில். நான்காவது டைல்ஸ் கடை மாணவரின் அம்மா அறையில். அந்த அறையின் வென்டிலேட்டரை உடனே உடைக்க அவர் கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டார். நான்தான் நிறுத்தினேன், முதலில் இப்போது இருக்கிற அளவு தெரியட்டும், ஜன்னலை மட்டும் பகலில் திற என்று. பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுபது வயது அம்மாவை மூன்று மாதம் சோதனைப் பொருளாக வைக்கிறோமா என்று. காலையில் போன் செய்து, "குப்பி இருக்கட்டும், கொத்தனாரை வரச் சொல்லு" என்றேன். வியாழக்கிழமை வருகிறார்.

தை பிறந்ததும் நான்கு குப்பியையும் எடுத்து அனுப்புவோம். நான்கு எண்ணையும், கூடவோ குறையவோ, இங்கேயே எழுதுகிறேன்.